நெப்போலியனின் முள்ளு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோழிக்காகக் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை. பதினாறு பதினேழு வருசமாக ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது இறைச்சிப் பக்கம் வந்திருக்கிறேன். சனி ஞாயிறில் என் கத்திக்குக் கீழே எத்தனை கோழி போகிறது என்று எண்ணுவதில்லை. அப்படிப்பட்டவன், ஒரு சேவலின் காலில் இருக்கிற முள்ளை வெட்டுவதா விடுவதா என்று ஒரு கிழமை சரியாக நித்திரை கொள்ளவில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். லா சப்பலில் இருக்கிற என் நண்பனும் சிரித்தான். "என்னடா, சேவலுக்கு நகம் வெட்டிப் பூச்சும் பூசப்போறியோ?" என்று கேட்டான்.

சிரித்து முடிந்தால் மிச்சத்தை வாசியுங்கள்.

நாங்கள் பாரிசை விட்டு வடக்கே வந்து கன காலம். லில் நகரத்துக்குக் கிட்ட, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகவே கட்டின வரிசை வீடுகள் உள்ள ஊர். இந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990 இல் மூடப்பட்டது. சனம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒடுங்கின நீட்டு வளவு ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வெடுத்த ஒரு கிழவர். அவர்தான் மூன்று பேட்டுக் குஞ்சும் ஒரு சேவற்குஞ்சும் தந்தார். சேவலுக்கு மகள் நெப்போலியன் என்று பெயர் வைத்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அந்தப் பேரை எங்கே கேட்டாளோ தெரியாது.

சேவலோடு எனக்கு ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருக்கவேண்டும். சேவற்கொடி பிடித்த முருகனைக் கும்பிட்டு வளர்ந்தேன். நான் விட்டு ஓடிவந்த நாட்டின் தேசியப் பறவை காட்டுக்கோழி. தஞ்சம் கேட்டு வந்த நாட்டின் உதைபந்தாட்டச் சட்டையிலும் சேவல். மூன்று இடத்திலும் சேவலுக்கு மரியாதைதான், படத்தில் இருக்கும் வரைக்கும்.

நெப்போலியனை மகள் கையிலேயே வைத்து வளர்த்தாள். அது பிழை என்று பிறகுதான் விளங்கியது. மனிசரைக் கண்டு பயப்படாமல் வளர்கிற சேவல், பெரிதானதும் மனிசரையும் இன்னொரு சேவலாகத்தான் பார்க்கிறது. 2022 நவம்பரில் பறவைக்காய்ச்சல் அபாயம் என்று நாடு முழுவதும் வீட்டுக் கோழிகளையும் அடைத்து வைக்கச் சொல்லி அறிவித்தார்கள். முழு வளவிலும் திரிந்த நாலும் அந்தக் குளிர்காலம் ஒரு சின்ன வலைக்கூட்டுக்குள் கிடந்தன. வசந்தம் வந்தபோது நெப்போலியனுக்கு இரண்டு வயது. காலில் மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில் முள்ளு, ஊசிமுனை மாதிரி.

முதலில் அடிபட்டது ஒரு பேடு. செட்டைக்குக் கீழே தோல் கிழிந்து சதை தெரிந்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். சேவல் மிதித்துப் பேடு சாகும். அதைப் பழமொழி சொன்ன ஆக்கள் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அடுத்தது மகள். 2023 சித்திரையில் ஒரு ஞாயிறு. முட்டை எடுக்கக் குனிந்த பிள்ளையின் முகத்தில் பாய்ந்துவிட்டான். கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் தள்ளிக் காயம். மூன்று தையல், ஒரு ஏற்பு ஊசி. அவசரப்பிரிவில் இருந்த டொக்டர், கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனுசி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஒண்டில் முள்ளை வெட்டுங்கோ, இல்லாட்டி கழுத்தை வெட்டுங்கோ. ரெண்டில ஒண்டு நடக்கவேணும்."

அவள் சொன்னதில் பிழையே இல்லை. தாய் அப்படித்தான் சொல்லுவாள்.

அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் யோசிக்கவே மாட்டா. எங்கள் வளவில் ஆளைப் பாய்கிற சேவல் அடுத்த விசேசத்துக்குச் சட்டிக்குள் போகும். முள்ளு வெட்டுகிற கதையே அங்கே இல்லை. என் முதலாளியும் அம்மம்மாவின் கட்சிதான். "கொண்டு வா, பியரில அவிப்பம்" என்றார். வயது போன சேவலை வைனிலோ பியரிலோ மணிக்கணக்காக அவிப்பது இந்த ஊர்ச் சமையல். ஆனால் மகள், கன்னத்தில் தையலோடு, "நெப்போலியனைக் கறி வைக்கவேண்டாம் அப்பா, அவனுக்கு நான் ஆர் எண்டு தெரியேல்லை" என்று அழுதாள். கடிபட்டவளே மன்னித்த பிறகு நான் எப்படிக் கத்தியை எடுக்கிறது?

அப்ப மிஞ்சியது முள்ளு.

பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு சின்ன இரும்பு வாளோடு வந்தார். "ஐஞ்சு நிமிச வேலை. என்ர அப்பா நூறு சேவலுக்குச் செய்திருப்பார்" என்றார். பிறகுதான் கதை வந்தது. அவருடைய தகப்பன் சண்டைச் சேவல் வளர்த்தவர். பிரான்சில் சேவல் சண்டை குற்றம். ஆனால் தொடர்ச்சியாக அந்த வழக்கம் இருந்துவந்த ஊர்களுக்கு விலக்கு உண்டு. நான் இருக்கிற வடபகுதி அதில் ஒன்று. 1964 இல் வந்த சட்டம் புதிய சண்டைக்களம் திறப்பதைத் தடை செய்தது. பழையவை இருக்கலாம். அது சரியா என்ற கேள்வி அரசியலமைப்புச் சபை வரைக்கும் போய், 2015 யூலையில் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அந்தச் சண்டைக்கு ஏன் முள்ளை அரிகிறார்கள் தெரியுமா? சேவலின் சொந்த முள்ளு போதாதாம். அதை அரிந்துவிட்டு அந்த இடத்தில் உருக்கு முள்ளுக் கட்டுவார்கள். எங்கட பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் காலில் கத்தி கட்டுகிறது போலத்தான். அதே வாள், அதே கால், அதே வெட்டு. அங்கே கூடக் கொல்லுவதற்காக வெட்டுகிறார்கள், நான் கொல்லாமல் இருப்பதற்காக வெட்டச் சொல்கிறேன். சேவலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? வெட்டுகிற நிமிசத்தில் தெரியாது. வாளைப் பார்த்த அந்த இடத்தில்தான் எனக்குக் கை பின்வாங்கியது. நாளைக்குப் பார்ப்போம் என்று கிழவரை அனுப்பிவிட்டேன்.

நான் யாழ்ப்பாணம் கம்பசில் விலங்கியல் படித்தவன், மூன்றாம் வருசம் வரைக்கும். 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடியதோடு என் படிப்பும் மூடியது. மிச்சத்தை முடிக்கவில்லை, ஆனால் படித்தது கொஞ்சம் தலைக்குள் கிடக்கிறது. சேவலின் முள்ளு நகம் இல்லை. வெளியே இருப்பது நகம் போன்ற கொம்புப்பொருள், அதற்கு உயிர் இல்லை. உள்ளே இருப்பது கால் எலும்பிலிருந்து வளர்ந்த எலும்பு. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. மாட்டுக் கொம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையில் சீவினால் நகம் வெட்டின மாதிரி. அடியில் அரிந்தால் விரல் வெட்டின மாதிரி. "முள்ளு வெட்டுறது" என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், ஆனால் அது இரண்டு வேலை.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. கோழி வளர்க்கிற பலர் அதைத்தான் சுகமான வழி என்று சொல்லுகிறார்கள். சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கை முள்ளில் குத்திச் சில நிமிசம் வைத்திருந்து, பிறகு குறட்டால் திருகினால் வெளிக்கூடு கழன்று வந்துவிடும். உள்ளே சிவந்த குருத்து மிஞ்சும். கொஞ்ச நாளில் காய்ந்துவிடும், பிறகு புதிதாக வளரும். "சேவல் சத்தமே போடாது" என்கிறார்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குசினியில் உள்ள சாமான்களில் சூட்டை விடாமல் வைத்திருப்பதில் அதுதான் முதல் ஆள். வெளியே ஆறின மாதிரி இருக்கும், நடுவில் கொதிக்கும். அவித்த கிழங்கு ஒன்றைப் பிளந்து என் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன், எனக்கோ அடுப்பில் காய்ச்சுப்போன விரல். அதையே ஒரு பறவையின் உயிருள்ள எலும்பைச் சுற்றிப் பல நிமிசம் வைப்பதை எப்படிச் சுகமான வழி என்பது? நகத்தைப் பிடுங்கினாலும் நகம் வளரும்தான். திரும்ப வளரும் என்பதற்காகப் பிடுங்கினது நோகாமல் போகுமா?

சத்தம் போடவில்லை என்பதும் சாட்சி இல்லை. பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற பறவைகள் நோவை மறைக்கும். காட்டினால் அடுத்தது அதுதான் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். 2000 ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. கால் நொண்டுகிற இறைச்சிக் கோழிகளுக்கும் நல்ல கோழிகளுக்கும் இரண்டு நிறத்தில் தீன் வைத்தார்கள். ஒன்றில் நோக்குறைக்கும் மருந்து. நொண்டுகிற கோழிகள் அந்த மருந்துத் தீனைத் தெரிந்தெடுத்துக் கூடச் சாப்பிட்டன. நொண்டல் கூடக் கூட, எடுத்த அளவும் கூடியது. அதற்கு முன் 1985 இல், சொண்டு வெட்டப்பட்ட கோழிகளின் வெட்டுமுனையில் நரம்பு முடிச்சுப்போட்டு, தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். கால் போன மனிசருக்கு, இல்லாத கால் நோகுமே, அது போன்ற ஒன்றாக இருக்கலாம். எங்கட ஊரில் அப்படியான ஆக்களோடு வாழ்ந்த எனக்கு, வெட்டினது வெட்டினதோடு முடிந்தது என்று நம்ப ஏலாது.

அப்படியென்றால் தொடாமலே விட்டுவிடலாமே, இயற்கை அது, என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அந்த வாதம் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்போதும் சுத்தமாகத் தெரியும். ஆனால் செட்டைக்குக் கீழே கிழிந்த பேடு இயற்கையில் இல்லை, என் வலைக்கூட்டுக்குள் இருந்தது. காட்டில் அது ஓடித் தப்பும். என் கூட்டில் எங்கே ஓடுகிறது? ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு வேண்டும் என்று கோழி வளர்க்கிறவர்கள் சொல்லுவார்கள். நான் விட்டது மூன்று. அதோடு, தேயாமல் விட்ட முள்ளு வளைந்து வளர்ந்து, அந்தச் சேவலையே ஒழுங்காக நடக்கவிடாமல் செய்வதும் உண்டு. சும்மா விடுவதிலும் நோ இருக்கிறது. எங்கட கையில் இரத்தம் படாது, அவ்வளவுதான்.

இனிப் பாதுகாப்பு. இந்தச் சொல்லில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் சனத்தின் வீடு வளவுகளை முள்ளுக்கம்பி போட்டு எடுத்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று பேர். பாதுகாப்பு என்று சொல்லித்தான் பாதையை மூடினார்கள், என் படிப்பும் அதில் போனது. சேவலையும் சனத்தையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அதில் வந்த ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஆராவது "பாதுகாப்புக்காக" என்று தொடங்கினால் எனக்குள் இரண்டு கேள்வி எழும்பும். ஆற்ற பாதுகாப்பு? செலவு ஆற்ற தலையில?

இங்கே பாதுகாப்பு என் பிள்ளையுடையது. அதில் விட்டுக்கொடுப்புக் கிடையாது. ஆனால் செலவை முழுக்கச் சேவலின் தலையில் கட்டவேண்டுமா? கதவுக்குக் கொளுக்கி போடாதது நான். ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியே கூட்டுக்குள் விட்டது நான். கையில் வைத்து வளர்க்கவிட்டது நான். மூன்று பேட்டோடு அடைத்தது நான். இவ்வளவும் செய்துவிட்டு, குற்றவாளி சேவலின் கால்தான் என்று வாளை எடுத்தால் அது நியாயமா?

இன்னொன்று. முள்ளை அடியோடு எடுத்தாலும் பாதுகாப்பு முழுதாக வராது. 2019 இல் அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன வயதான பெண் ஒருவர் சேவலால் இறந்தது மருத்துவ ஆய்விதழில் வந்தது. காலில் புடைத்திருந்த நரம்பில் சேவல் கொத்தியிருக்கிறது, இரத்தம் போய் இறந்துவிட்டார். முள்ளு இல்லை, சொண்டு. முள்ளை வெட்டினால் சேவலின் குணம் மாறாது, ஆயுதம் ஒன்று குறையும். முள்ளை எடுத்தாச்சு, இனிப் பயமில்லை என்று பிள்ளையைத் திரும்பத் தனியே விடுகிற வீடுதான் எனக்குப் பயம்.

அந்தக் கிழமையே ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டேன். நான் நினைத்ததைத்தான் அவவும் சொன்னா. முனையை மட்டும் எடு, கூட்டைக் கழற்றாதே, அடியில் தொடாதே. காலோடு ஒட்டியிருக்கிற ஒன்றரை சென்ரிமீற்றர் பக்கம் போகவே வேண்டாம், வயது போகப்போக உள் எலும்பும் நீளும், சந்தேகம் வந்தால் நிறுத்து.

அப்படித்தான் செய்தேன். இரவில் செய்தேன், இருட்டில் கோழி அடங்கிப்போகும். ஒரு துவாயால் சுற்றித் தலையையும் மூடி மனுசியின் மடியில் வைத்தோம். எங்கள் சந்தையில் தூக்குவது போலத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அப்படிப் பிடித்தால் அதுக்கு மூச்சு முட்டும். கத்தியும் இல்லை, வாளும் இல்லை. அரம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஊசிமுனை போய் விரல்நுனி போல உருண்டதும் நிறுத்திவிட்டேன். ஒரு சென்ரிமீற்றர்கூடப் போயிருக்காது. இரத்தம் வந்தால் அமத்திப் பிடிக்க என்று சோளமா பக்கத்தில் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. முழு வேலையும் இருபது நிமிசம். கிழவரின் கணக்கில் நான்கு சேவலை முடித்திருக்கலாம்.

மகள் கதவருகில் நின்று பார்த்தாள். "நொந்ததோ அவனுக்கு?" என்று கேட்டாள்.

"தேய்ச்சது நோகேல்லைப் பிள்ளை. பிடிச்சு வைச்சதில பயந்திருப்பான்" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல விருப்பமில்லை. துவாய்க்குள் அவன் நெஞ்சு அடித்த அடி மனுசியின் கைக்கும் தெரிந்தது.

மிச்சச் செலவை நாங்கள் ஏற்றோம். கூட்டுக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி. முட்டைப் பெட்டியை வெளியிலிருந்து திறக்கிற மாதிரி மாற்றினேன், உள்ளே போகத் தேவையில்லை. முழங்கால் வரைக்கும் இறப்பர் சப்பாத்து. கூட்டை இரண்டு மடங்காக நீட்டி இன்னும் ஐந்து பேடு விட்டோம். என் இரண்டு மாத மிச்சக்காசு அதிலே போனது. காயம்பட்ட பேடு மாறி எழும்பிவிட்டது.

குசினிக்கு வருகிற கோழிகளையும் இதற்குப் பிறகு வேறு கண்ணால் பார்க்கிறேன். அவற்றின் வயது நாற்பது நாள் அளவில். முள்ளு வளர நேரமே கிடைப்பதில்லை. அவற்றின் தகப்பன் சேவல்களுக்கோ, பல நாடுகளில் குஞ்சுபொரித்த முதல் நாளிலேயே முள்ளு வரும் இடத்தைச் சூட்டுக்கம்பியால் தீய்த்துவிடுகிறார்கள். பேடுகளின் பாதுகாப்புக்குத்தான். அதில் உண்மையும் இருக்கிறது, பேடுகள் கிழிபடுவதை நானே கண்டேன். ஆனால் ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்த பிறகு வருகிற ஆபத்துக்கு, அடைத்தவன் அல்ல, ஒரு நாள் வயதுக் குஞ்சு செலவு கட்டுகிறது. எனக்கும் அதில் பங்கு இருக்கிறது, சம்பளம் வாங்குகிறேனே. அதை மறைத்துக்கொண்டு இங்கே புத்தி சொல்ல வரவில்லை.

என் முடிவு இதுதான். முனையை மழுக்கலாம், மழுக்கத்தான் வேண்டும், பிள்ளையும் பேடும் இருக்கிற இடத்தில். முள்ளைப் பிடுங்கவோ அடியோடு அரியவோ கூடாது. முதலில் நாங்கள் செய்யவேண்டியதைச் செய்த பிறகுதான் அரத்தை எடுக்கவேண்டும். அதற்கும் அடங்காமல் ஆபத்தாக நின்றால் அம்மம்மாவின் வழி. ஒரே வெட்டில் முடிகிற அந்தச் சாவு, கிழங்குச் சூட்டையும் குறட்டையும்விட நேர்மையானது என்றுதான் நினைக்கிறேன்.

சில மாதத்துக்கு ஒருக்கால் அரம் வேலை தொடர்கிறது, முனை திரும்பக் கூராகும். மகளின் கன்னத்தில் வடு மெல்லிய கோடாக இருக்கிறது, சிரிக்கும்போதுதான் தெரியும். நெப்போலியன் இன்னும் திருந்தவில்லை. காலமை தீன் வைக்கப் போனால் செட்டையை அடித்துக்கொண்டு என் சப்பாத்தில் பாய்கிறான். டொக், டொக் என்று சத்தம் கேட்கும். நோகாது. பாய்ந்துவிட்டுப் பெருமையாக ஒருக்கால் கூவுவான்.

கூவட்டும். அவன்தான் வென்றான் என்று அவன் நினைக்கிறதில் எனக்கு என்ன நட்டம்?